பரிமாறுபவர்களுக்கும் ஓர் இலை



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இலையுதிர்காலச் செமஸ்டர் களைகட்டியிருக்கும். கார் நிறுத்த இடம் தேடி மாணவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். சேர்க்கை அலுவலகத்து வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வரிசையில் நிற்கும் மாணவர்களைப் பற்றிப் பேச எப்போதும் ஆள் உண்டு. இந்த முறை கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களோடு கொஞ்சம் பேசலாம் என்று ஆசை.

அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஊரில் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் கணிதப் பயிற்சி மையத்தில் சேர்ந்தவர்கள். வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் தயாரித்து வைப்பவர்கள். நூலகத்திலும் நிதியுதவி அலுவலகத்திலும் இருப்பவர்கள். பகலெல்லாம் மென்பொருள் நிறுவனத்தில் உழைத்துவிட்டு மாலையில் கணினி வகுப்பு எடுக்க ஓடுபவர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில், கடைசியாக எப்போது ஒரு வகுப்பில் மாணவராக உட்கார்ந்தீர்கள்?

'உட்கார்ந்ததே இல்லை' என்பவர்கள்தாம் அதிகம் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் ஓடியோடிப் பரிமாறுகிறவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். ஊருக்கே படிப்பைப் பரிமாறுகிற கல்லூரியின் ஊழியர்களும் அப்படித்தான் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கும் இலை போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரிகள் எதற்காக வந்தன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு ஒரு வகுப்பு தொடங்கியது. உள்ளூர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. பள்ளி முடித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமலே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைப் படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் இந்த எண்ணத்தை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. இன்று இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. பதினெட்டு வயதுப் பையனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே வகுப்பில் உட்காரலாம் என்பதுதான் இவற்றின் அழகு. அப்படி எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு, உள்ளே வேலை பார்ப்பவருக்கு மட்டும் எப்படி மூடியிருக்கும்?

வளாக வாழ்க்கை என்றதும் நமக்கு விடுதி, மெஸ், மரத்தடி அரட்டை என்றுதான் நினைவு வரும். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் விடுதியே கிடையாது. மாணவர் காரில் வருவார், வகுப்பு முடிந்ததும் அடுத்த வேலைக்கோ குழந்தையை அழைத்து வரவோ பறந்துவிடுவார். இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டயத்தோடு வேறு இடம் போய்விடுவார். அதே வளாகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் காலை முதல் மாலை வரை இருப்பவர்கள் ஊழியர்களே. அங்கே வளாக வாழ்க்கை என்று ஒன்று இருந்தால், அதில் பெரும்பங்கு அவர்களுடையது.

அந்த வளாகத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். சமையற்கலை மாணவர்கள் நடத்தும் உணவகம் இருந்தால், மதியச் சாப்பாடு வெளியே சாப்பிடுவதைவிட மலிவாகக் கிடைக்கும். பல் சுகாதாரப் படிப்பு இருக்கும் இடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பல் சுத்தம் செய்வார்கள். மண்பாண்டக் கூடம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம், மாலையில் ஊர்க்காரர்களும் சேர்ந்து பாடும் சேர்ந்திசைக் குழு என்று கல்லூரிக்குக் கல்லூரி ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றில் பலவும் முறையான வகுப்புகளாகவே நடக்கின்றன. பதிவு செய்தால் போதும்.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கேதான் பலருக்கும் தெரியாத இரண்டு சட்டப் பிரிவுகள் வருகின்றன. கல்வி நிறுவனம் தன் ஊழியருக்கு இளநிலைப் படிப்பில் கட்டணச் சலுகை கொடுத்தால், அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு அந்தச் சலுகைக்கு வரி போடுவதில்லை. ஊழியரின் கணவருக்கோ மனைவிக்கோ, அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கோ கொடுத்தாலும் இதே விதிதான். பெரிய சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று சலுகையை ஒதுக்கினால், அவர்களுக்கு அந்த வரிவிலக்கு கிடையாது. 127-ஆம் பிரிவு வேலை கொடுப்பவர் யாராக இருந்தாலும் பொருந்தும். படிப்புச் செலவுக்கென்று ஊழியருக்கு அவர்கள் கொடுக்கும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. முதுநிலைப் படிப்புக்கும் இதைப் பயன்படுத்தலாம். சட்டம் வரியை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. சலுகை உண்டா, எத்தனை யூனிட், பகுதிநேர ஊழியருக்கும் கிடைக்குமா என்பதெல்லாம் உங்கள் கல்லூரியின் விதிகளிலும் தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் இருக்கும். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த அந்தத் தடித்த கோப்பைத் தூசி தட்டி எடுங்கள்.

முதுநிலைப் படிப்பைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமுதாயக் கல்லூரியில் பொதுக்கல்விப் பாடம் நடத்த முனைவர் பட்டம் தேவையில்லை. பெரும்பாலும் அந்தத் துறையில் முதுநிலைப் பட்டம் இருந்தால் போதும். ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவர் அதே கட்டடத்தில் ஆசிரியராக நிற்க, இடையில் ஒரு பட்டம்தான் குறைகிறது. சிலருக்கு அதுகூட வேண்டாம். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்கே முறைப்படி மதிப்பீடு செய்து வாங்கினாலே கதவு திறந்துவிடும். பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த மதிப்பெண் பட்டியல்களை வெளியே எடுங்கள் என்று அக்காவாகவும் அண்ணனாகவும் உரிமையோடு சொல்ல எனக்கு ஆசை.

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம். ஜில் பைடன் 1993 முதல் டெலவேர் தொழில்நுட்பச் சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே வேலையில் இருந்துகொண்டே டெலவேர் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் வாங்கியபோது ஆண்டு 2007, அவருக்கு வயது 55. சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவர்களைப் பாதியில் விட்டுப்போகாமல் எப்படித் தக்கவைப்பது என்பதுதான் அவர் ஆய்வு. தினமும் வகுப்பறையில் கண்ணெதிரே பார்த்த சிக்கலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பிறகு அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகைக்குக் குடிபோன பின்னும் வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் வகுப்பு எடுப்பதை அவர் விடவில்லை.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பும் வசதியும் அமையாது என்பதை நான் மறக்கவில்லை. ஊழியர்களின் படிப்புக்குப் பெரிய தடை பணமாகக்கூட இல்லை, நேரம்தான். மதியம் இரண்டு மணி வகுப்புக்கு மேலாளர் விடுவாரா? கவுன்ட்டரை யார் பார்த்துக்கொள்வது? கலிஃபோர்னியா இதைச் சட்டத்தின் வழியாகவே அணுகிப் பார்த்த மாநிலம். அங்கே சமுதாயக் கல்லூரிகள் ஆண்டுக்கு 15 நாள் வரை வகுப்பு நாட்களுக்குப் பதிலாக, கற்பித்தலையும் பணியையும் மேம்படுத்தும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். 'ஃப்ளெக்ஸ் நாள்' என்று ஊழியர்கள் சொல்வது அதைத்தான். ஆசிரியர்களை மனத்தில் வைத்து வந்த ஏற்பாடு அது. எழுத்தர்கள், தொழில்நுட்ப ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரையும் பயிற்சித் திட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவர 2014-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. சட்டம் வந்துவிட்டாலும், ஃப்ளெக்ஸ் நாள் காலையில் 'நீயும் போய்வா' என்று சொல்லும் மேலாளர் வேண்டும். இதைப் படிக்கும் மேலாளர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இன்னும் கடினமான நிலை பகுதிநேர ஆசிரியர்களுடையது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரம்தான். கலிஃபோர்னியாவில் அவர்கள் ஒரே கல்லூரி மாவட்டத்தில் முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, இரவு மூன்றாவது என்று நெடுஞ்சாலையிலேயே பாதி வாழ்க்கை போகிறது. சொந்த அறை கிடையாது. மாணவரோடு பேச நூலகத்து மூலை அல்லது காரின் பின்புறம். அவர்களிடம் போய் 'சனிக்கிழமை பயிற்சிப் பட்டறைக்கு வாருங்கள்' என்று சும்மா அழைத்தால் எப்படி வருவார்கள்?

ஃப்ளோரிடாவின் வலென்சியா கல்லூரி இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் விருதை 2011-இல் முதன்முதலாக வென்ற கல்லூரி அது. பகுதிநேர ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ் பெற்றால், அதற்கேற்ப ஊதிய விகிதத்தை உயர்த்தித் தருகிறது. கற்பதும் வேலைதான் என்று ஒரு நிர்வாகம் ஒப்புக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை.

பகுதிநேர ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. மாணவர் கடனாக மத்திய அரசின் நேரடிக் கடன் வாங்கியிருப்பவர்கள் பொதுச்சேவை வேலையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டினால், மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு. வாரத்துக்குச் சராசரி 30 மணி நேர வேலை வேண்டும் என்பது விதி. வகுப்பு நேரம் மட்டும் கணக்கில் வந்ததால் பகுதிநேர ஆசிரியர்கள் பலருக்கு இது எட்டாமல் இருந்தது. 2023 ஜூலை முதல், அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட் மணிக்கும் 3.35 மணி நேரம் என்று கணக்கிட வேண்டும். ஒன்பது கிரெடிட் எடுத்தால் 30.15 ஆகிவிடும். இரண்டு அரசுக் கல்லூரிகளில் எடுப்பதைக் கூட்டியும் காட்டலாம். பாடத்துக்குத் தயாரிக்கும் இரவுகளையும் விடைத்தாள் திருத்தும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சட்டம் கடைசியில் கண்டுகொண்டிருக்கிறது.

பட்டமும் சான்றிதழும் இல்லாத படிப்பும் ஒன்று உண்டு. இல்லினாயின் டுபேஜ் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் காட்ஷால் 1969-இல் ஆசிரியர்களுக்கென்று ஒரு கூடுகையைத் தொடங்கினார். வெளியிலிருந்து வல்லுநரைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றுவதில்லை. வரும் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் பலன் தந்த ஒரு முறையையும், தனக்கு விடை தெரியாத ஒரு சிக்கலையும் எழுதிக் கொண்டுவர வேண்டும். பிறகு எல்லாம் அவர்களுக்குள் பேச்சுதான். இன்றுவரை பல மாநிலங்களில் இது தொடர்கிறது. ஹவாயில் கிலாவியா எரிமலைக்கு அருகே ஒரு முகாமிலேயே நடத்தியிருக்கிறார்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். உங்கள் அலுவலகத்திலேயே மாதம் ஒரு மதிய இடைவேளையில் செய்து பார்க்கலாம்.

மாணவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட கல்லூரியும் உண்டு. டெக்சாஸின் அமரில்லோ கல்லூரி, படிப்பில் எது தடையாக இருக்கிறது என்று தன் மாணவர்களையே கேட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், போக்குவரத்து, சாப்பாடு, வாடகை என்று வகுப்பறைக்கு வெளியே இருக்கும் சிக்கல்களே பட்டியலை நிரப்பின. பிறகு அந்தக் கல்லூரி, வறுமை என்பது மாணவரின் நாளை எப்படித் தின்கிறது என்பதைத் தன் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2023-இல் ஆஸ்பென் விருதை இன்னொரு கல்லூரியோடு பகிர்ந்துகொண்டது.

நீங்கள் உங்கள் கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் இந்தப் புரிதல்தான். சேர்க்கைப் படிவத்தைத் தினமும் நூறு பேருக்கு விளக்கும் நீங்கள், அதை ஒருமுறை உங்களுக்காக நிரப்பிப் பாருங்கள். மாலை வகுப்பு ஒன்பது மணிக்கு முடியும்போது நிதியுதவி அலுவலகம் எப்போதோ பூட்டிவிட்டது என்பது அப்போது உறைக்கும். கடவுச்சொல் மறந்து, உதவி எண்ணை அழைத்து, அரைமணி நேரம் காத்திருந்து பார்த்தால், மறுநாள் கவுன்ட்டருக்கு வருபவரிடம் பேசும் தொனியே மாறும். ஊழியர் ஒருவர் எடுக்கும் ஒரு வகுப்பால் அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கல்லூரிக்கே கண் திறக்கிறது. மாணவர்களோடு மாணவராக உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்: உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே கூச்சம் இருக்கும், கேட்டால் சொல்வார்.

அடுத்த செமஸ்டருக்குப் பதிவு தொடங்கும் முன் மனிதவளப் பிரிவில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எனக்குக் கட்டண விலக்கு உண்டா? என் குடும்பத்துக்கு உண்டா? வேலை நேரத்தில் ஒரு வகுப்புக்குப் போக விதி இடம் கொடுக்கிறதா? 'தெரியவில்லை' என்ற பதில் வந்தால் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் பதில் அடுத்த மேசைக்காரருக்கும் பயன்படும்.

பிறகு எங்களுக்கும் எழுதுங்கள். வெல்டிங் கற்ற கணக்கர், ஸ்பானிஷ் கற்ற நூலகர், ஐம்பது வயதில் மண்பாண்டம் வனையத் தொடங்கிய பேராசிரியர் யாராக இருந்தாலும் சரி. என்ன படித்தீர்கள், நேரத்தை எப்படி ஒதுக்கினீர்கள், எங்கே தடுக்கினீர்கள் என்று ஒரு பக்க அளவில் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை வசந்தகாலச் செமஸ்டர் தொடங்கும் ஜனவரி இதழில் வெளியிடுவோம். உங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பதிவு செய்யட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்