பந்து நம்முடையது, கிளப் யாருடையது?

கோடீஸ்வரர்கள் பணம் போட்டதால்தான் இந்தியாவில் கால்பந்து பிழைத்தது என்று ஒரு புளுகு சில வருஷங்களாக நாட்டில் உலவுகிறது. வியாசர்பாடிக்காரன் எவனும் இதைக் கேட்டால் சிரிப்பான். பெரம்பூர் பி அண்டு சி மில் 1996-ல் மூடப்பட்டது. மறு வருஷம், 1997-ல், உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்காக ஒரு சங்கம் கண்டார்கள். முல்லை நகர் மைதானத்தில் மாலையில் பந்து; அதோடு படிப்பு. எந்தக் கோடீஸ்வரன் அன்று அங்கே வந்து நின்றான்? பத்திரிகைகள் பிற்பாடு வந்து "குட்டி பிரேசில்" என்று பட்டம் சூட்டின. பட்டம் கொடுக்கச் செலவு ஏது!

விளைந்த பிறகு வந்தார்கள். நாற்று நடும்போது வரப்புப் பக்கம் தலைகாட்டாத மிராசுதார் அறுப்பன்று மட்டும் களத்துமேட்டில் குடை பிடித்து நிற்பதை நம் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் அறிவார்கள். இதுவும் அதே கதைதான். வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் 2018 மார்ச் 13-ல் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். சென்னையின் அணி 3-0 என வென்றது. நாலு நாள் கழித்துப் பெங்களூரில் கோப்பையும் வாங்கியது. அணிக்குச் சொந்தக்காரர்கள் யார்? சினிமா நட்சத்திரமும், கிரிக்கெட் நட்சத்திரமும், ஒரு தொழிலதிபர் வீட்டாரும்.

போகட்டும், அது பெரிய இடத்து விவகாரம். சென்னை சிட்டி கதையைக் கேளுங்கள். 1946-ல் நேதாஜி பெயரால் தொடங்கிய பழைய கிளப் அது. சென்னையில் ஆடிய அந்த அணியை 2017-ல் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் 2019 மார்ச் 9-ந் தேதி பஞ்சாப் மினர்வாவை 3-1 என வீழ்த்தி, 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி குறைவு. சாதனைதான்! நாம் மறுக்கவில்லை, மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஜெயித்தவனுக்குக் கிடைத்தது என்ன? உலகில் பல நாடுகளில் கீழ்ப் படியில் ஜெயித்தவன் மேல் படிக்கு ஏறுவான். இங்கே அன்று ஏணியே இல்லை! 2010-ல் 700 கோடி ரூபாய்க்கு, 15 வருஷத்துக்கு, இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமையை ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்குச் சம்மேளனம் குத்தகைக்கு விட்டது. 2014-ல் அவர்கள் தொடங்கிய சூப்பர் லீகில் இடம் பிடிக்க அன்று பணம் வேண்டியிருந்தது. பட்டம் வேண்டியிருக்கவில்லை. ஐ-லீகில் ஜெயித்த அணிக்கு அந்தக் கதவு 2023-ல்தான் முதன்முறை திறந்தது. பஞ்சாப் அணி உள்ளே போயிற்று. சென்னை சிட்டியோ 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகிலேயே இல்லை.

குத்தகை முடியும் காலம் நெருங்கியதும் நடந்ததென்ன? 2025 ஜூலையில் குத்தகைக்காரர் லீகையே நிறுத்தி வைத்தார். ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. மில் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கோல் போடுகிறவனும் கூலிக்காரனே என்று அன்று பலருக்குப் புரிந்திருக்கும்.

"வேறு வழி ஏது, பணம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். போர்த்துகல் தேசத்தைப் பாருங்கள். லிஸ்பன் நகரின் பென்பிகா கிளப் 1904-ல் பிறந்தது. 1961-லும் 1962-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்தக் கிளப்பின் தலைவரை இன்றும் சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சுத்தம் என்று நாம் சொல்லவில்லை. 1962 இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட யூசேபியோ மொசாம்பிக்கின் பிள்ளை. அவர் பிறந்த மண் அன்று போர்த்துகலுக்கு அடிமை. பின்னாளில் பங்கு வியாபாரமும் அங்கே நுழைந்தது. இருந்தும் சந்தாக்காரன் கையில் ஓட்டுச் சீட்டு இருக்கிறது. நம் கையில் இருப்பது கேட் டிக்கெட் மட்டும்.

நம் நாட்டிலேயே மோகன் பகான் இல்லையா? 1911 ஜூலை 29-ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைப் பட்டாளத்தை 2-1 என வென்ற கிளப். 2020-ல் அதன் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு 80 பங்கு ஒரு முதலாளிக்குப் போயிற்று. பெயருக்கு முன்னால் அவருடைய ஏடிகே வந்து உட்கார்ந்தது. ரசிகர்கள் வீதியில் இறங்கினார்கள், விடவில்லை. 2023-ல் முன்னால் இருந்தது போயிற்று. ஆனால் பின்னால் "சூப்பர் ஜெயண்ட்" என்று அதே முதலாளியின் வேறொரு வால் ஒட்டிக்கொண்டது. பாதி வெற்றிதான்; ஆனாலும் போராடி வாங்கிய வெற்றி.

நாம் கேட்பது என்ன? முல்லை நகர் மைதானத்தில் ஒரு சாணும் வேறு எதற்கும் போகக் கூடாது. அங்கே விளக்கும், தண்ணீரும், கழிப்பிடமும் மாநகராட்சி செலவில் இருக்க வேண்டும். அடிபட்ட பையனுக்கு வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். வடசென்னையில் எந்தக் கிளப்புக்குச் சர்க்கார் மைதானம் கொடுத்தாலும், அதன் நிர்வாகத்தில் பேட்டைக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அடுத்த முறை "குட்டி பிரேசில்" என்று மாலை போட்டுப் படம் எடுக்க வரும் கனவான்களிடம் இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் என்றும் கேளுங்கள்.