போறணையும் புத்தகமும்

இன்பமும் துன்பமும் மாறி மாறி வருவதே மனித வாழ்வு. இன்பம் வரும்போது துணை தேட வேண்டியதில்லை. துன்பம் வரும்போதுதான் எதைப் பற்றிக்கொள்வது என்று மனம் தவிக்கிறது. அவ்வேளையில் மா குழைத்துப் பாண் சுடுவதும், நூல் நிலையத்தில் அமர்ந்து வாசிப்பதும் பெரும் ஆறுதல் என்று நாம் சொன்னால், "ஊர் எரியும்போது இதுவா வேலை?" என்று சிலர் ஏளனம் செய்வர். இவை கவலையை விட்டு ஓடும் வழிகள் அல்ல. கவலையைத் தாங்கும் வலிமையைத் தருபவை என்பதே எமது கருத்து.

முதலில் பாணை எடுத்துக்கொள்வோம். கோதுமை மா, நீர், உப்பு, சிறிது சீனி, ஈஸ்ட் ஆகியவையே வேண்டியவை. ஈஸ்ட் உயிருள்ளது. அது வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவால்தான் மா பொங்குகிறது. அதற்கு ஒரு மணி நேரமோ, அதற்கு மேலோ வேண்டும். அவசரப்பட்டும் பயனில்லை, அழுதும் பயனில்லை. நாட்டு நடப்பை மாற்ற இயலாத கைகளுக்கு, தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு வேலை கிடைக்கிறது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பல நாடுகளிலும் மக்கள் வீட்டிலேயே பாண் சுடத் தொடங்கினர் அல்லவா? போறணை இல்லாத வீட்டிலும் சட்டிக்கு மேலும் கீழும் தணலிட்டுக் கேக் செய்வது எமது பாட்டிமார் அறிந்த கலை. 2022இல் எரிவாயுவுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற நாட்களில், பழைய விறகடுப்பே பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. சுட்டதில் ஒரு துண்டு அயல் வீட்டுக்கும் போகும்போது ஆறுதல் இரு வீட்டாருக்கும் உரியதாகிறது.

பாணே அரிதாகிவிட்டால் என்ன செய்வது? ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் 1941 செப்டெம்பர் முதல் 872 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 20 முதல் டிசெம்பர் 25 வரை ஒரு குழந்தைக்குக் கிடைத்த பாண் நாளொன்றுக்கு 125 கிராம் மட்டுமே. அந்தப் பசியிலும் குளிரிலும் நகரின் பெரிய பொது நூலகம் மூடப்படவில்லை. தீக்குச்சியும் மெழுகுதிரியும் செய்வது எப்படி என்று கேட்டு வந்தவர்களுக்கும் நூலகத்தார் விடை தேடிக் கொடுத்தனர். நூல் அவர்கள் பசியைத் தீர்க்கவில்லை. ஆனால், தாம் மனிதர் என்பதை மறவாதிருக்க உதவியது.

தொலைவுக்குப் போவானேன்? எமது யாழ்ப்பாணத்தையே பார்ப்போம். 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி வளர்ந்தது. லோங் அடிகளார் போன்றோரின் உழைப்பால் 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959இல் பொது நூலகத்தின் அழகிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே மாத இறுதியில், ஜூன் முதலாம் திகதி விடியுமுன், அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியால் உயிர் நீத்தார். நூல்கள் வெறும் தாளும் மையும்தான் என்றால் ஓர் அறிஞரின் இதயம் அவற்றுக்காக நின்றிருக்குமா?

1990களில் மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலில் திரியிட்டு, அந்தச் சிறு வெளிச்சத்தில் எமது அன்னையர் தலைமுறை படித்தது.

நூலகம் இன்று மீண்டும் எழுந்து நிற்கிறது. கட்டடம் மட்டும் போதுமா? பாடசாலை விட்டதும் டியூசன். சனி, ஞாயிறும் டியூசன். ஊர் வாசிகசாலைக்குப் போக எமக்கு ஏது நேரம்? பாடநூலைத் தவிர வேறொன்றைக் கையில் எடுத்தால், "பரீட்சைக்கு இது வருமா?" என்று வீட்டில் கேட்கின்றனர். வராதுதான். ஆனால் பரீட்சை முடிந்த பின்னும் வாழ்வு உண்டு. துன்பம் பாடத்திட்டம் பார்த்து வருவதில்லை. அமைதியான நாட்களில் வாசித்துப் பழகாதவர்க்கு, அல்லற்படும் நாளில் நூல் எவ்வாறு துணையாகும்?

ஆகவே, பெற்றோர்களே! வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையாவது எமக்கு விட்டுத் தாருங்கள். நூலகத்துக்கு அனுப்புங்கள், அடுக்களையில் மா குழைக்கவும் விடுங்கள். தம்பிமாரையும் சேர்த்தே விடுங்கள். அன்புத் தோழியரே! நூல் நிலையப் பாடவேளையை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடாதிருப்போம். இம்மாதம் ஆளுக்கொரு நூலை இரவல் பெறுவோம். வாசித்து முடித்ததும் இன்னொருத்தி கையில் கொடுப்போம். சுட்ட பாணைப் பகிர்வது போலவே வாசித்த நூலையும் பகிர்வோமாக!