வருகைப் பதிவேடும் கூடைப்பந்தும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் போட்டு என் பெயரையும் அதில் இணைத்திருந்தான். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடரை அந்த நாட்டில் டிவியில் பார்த்தவர்கள் கணக்கு. 1998-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2 கோடியே 90 லட்சம் பேர். 2025-ல் சுமார் 1 கோடியே 3 லட்சம். இரண்டையும் இணைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு. "கதை முடிஞ்சது டீச்சர், இனி உங்களை மாதிரி நாலு பேர்தான் பார்ப்பாங்க" என்று கிண்டல் வேறு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் கூடைப்பந்து ஆடியவள் என்பதும், ஜூன் மாதம் காலை ஆறு மணிக்குக் காபித் தம்ளரோடு டிவி முன்னால் உட்காருபவள் என்பதும் அவனுக்குத் தெரியும். அங்கே இரவு எட்டரை என்றால் நமக்குக் காலை ஆறு.

தம்பி, கணக்கு வாத்தியாரிடம் நீ படித்தது வீணாகவில்லை என்றால், இரண்டு முனைகளை மட்டும் வைத்துக் கோடு போடலாமா? நடுவில் பார். 2007-ல் சராசரி 93 லட்சம்தான், 2025-ஐ விடக் குறைவு. பத்து வருடம் கழித்து 2017-ல் 2 கோடியைத் தாண்டியது. இது சரிவு இல்லை. ஊஞ்சல்.

ஊஞ்சலை ஆட்டுவது எது என்பதுதான் கேள்வி. 1998-ல் மைக்கேல் ஜோர்டான் சிகாகோவுக்காகக் கடைசியாக ஆடிய தொடர். அதன் ஆறாவது ஆட்டத்தை மட்டும் 3 கோடியே 59 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வருடம் அவர் இல்லை. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த தகராறில் அந்தப் பருவமே சுருங்கியிருந்தது. சான் அன்டோனியோவும் நியூயார்க்கும் மோதிய இறுதித் தொடரை டிவியில் பார்த்தவர்கள் 1 கோடியே 60 லட்சம். கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

இப்போது அரங்கத்தைப் பாருங்கள். 1998-ல் ஜோர்டான் அந்தக் கடைசிப் பந்தைப் போட்ட சால்ட் லேக் சிட்டி அரங்கத்தில் இருந்தவர்கள் 19,911 பேர். 1999-ல் சான் அன்டோனியோவின் அலமோடோமில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் தலா 39 ஆயிரத்துக்கு மேல்! டிவியில் பாதியானது, அரங்கத்தில் இரட்டிப்பானது. ஒரே தொடர், இரண்டு பதிவேடு, இரண்டு விடை. இதில் எதை வைத்து ஆட்டம் வளர்ந்தது, தேய்ந்தது என்பீர்கள்?

அரங்கக் கணக்கையும் நான் முழுசாக நம்பச் சொல்லவில்லை. அது நாற்காலிக் கணக்கு. 1988 இறுதித் தொடரில் டெட்ராய்ட் அணி தன் ஊர்ப்பக்கம் பான்டியாக்கில் இருந்த சில்வர்டோமில் ஆடியது. அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய பிரம்மாண்டம் அது. ஐந்தாவது ஆட்டத்துக்கு 41,732 பேர். அடுத்த பருவத்திலேயே அந்த அணி புது அரங்கத்துக்குப் போனது, அங்கே சுமார் 21 ஆயிரம் இருக்கைதான். கூட்டம் பாதியாகிவிட்டதே என்று அழுதார்களா? 1989-லும் 1990-லும் கோப்பையைத் தூக்கினார்கள். உத்தரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எறும்பு ஓடுவதுபோலப் பார்த்தவனையும் சேர்த்த எண்தான் அந்த 41,732.

டிவி எண்ணிக்கை இன்னும் வேடிக்கை. நீல்சன் நிறுவனம் மாதிரிக்குச் சில வீடுகளைத் தேர்ந்து அங்கே கருவி வைத்து, அதிலிருந்து நாட்டுக்கே பல வருடங்களாகக் கணக்குப் போட்டுவந்தது. விளம்பரத்துக்கு விலை பேச அது போதும். ஆனால் அதன் எல்லை அமெரிக்க எல்லை. 2019-ல் டொராண்டோ அணி கோப்பை வென்றபோது அமெரிக்கச் சராசரி 1 கோடியே 51 லட்சம், "குறைந்துவிட்டது" என்று எழுதினார்கள். வென்ற அந்த ஆறாவது ஆட்டத்தைக் கனடாவில் சராசரியாக 77 லட்சம் பேர் பார்த்தார்கள், ஐந்து பேரில் ஒருவர்! அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் என் மாணவி ஒருத்தி அன்றிரவு போன் செய்தாள். பேச்சே கேட்கவில்லை, தெருவில் அவ்வளவு ஹார்ன்.

2020-ல் கொரோனாவால் ஃப்ளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஜூனில் நடக்க வேண்டியது அக்டோபர் வரை போனது. டிவியில் சராசரி 75 லட்சம்தான். அதற்கு ஆளாளுக்கு அரசியல் காரணம் சொன்னார்கள். அந்த வருடம் மற்ற விளையாட்டுகளின் பெரிய போட்டிகளுக்கும் ஆள் குறைந்ததை யாரும் பேசவில்லை.

ஆள் குறையவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. கேபிளைத் துண்டித்தவர்கள் ஏராளம். முழு ஆட்டம் பார்க்காமல் போனில் துண்டு துண்டாகப் பார்ப்பவர்களும் ஏராளம், என் பேரன் உட்பட. கிழக்குக் கரையில் ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. மறுநாள் எழ வேண்டிய பிள்ளை எப்படிப் பார்க்கும்? இது பழைய வியாதி. 1980-ல் மேஜிக் ஜான்சன், முதல் வருட ஆட்டக்காரர், 20 வயதுப் பையன், கரீம் அப்துல் ஜபார் கணுக்காலில் அடிபட்டுக் கிடக்க, தனியாளாக 42 புள்ளி எடுத்துக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தையே பெரும்பாலான ஊர்களில் நேரடியாகக் காட்டவில்லை. இரவு பதினொன்றரைக்குப் பதிவுசெய்து போட்டார்கள். அன்றைக்குப் பார்த்தவர் குறைவு என்பதால் அந்த 42 குறைந்துவிட்டதா?

2025-ஐயும் சொல்லிவிடுகிறேன். ஓக்லஹோமா சிட்டி, இண்டியானா. இரண்டுமே டிவிக்காரர்கள் விரும்பாத சின்னச் சந்தை. முதல் ஆட்டத்தில் கடைசி 0.3 விநாடி இருக்கும்போதுதான் இண்டியானா முதன்முறையாக முன்னிலை பெற்றது, அதிலேயே வென்றது! நான் காபியைக் கொட்டிக்கொண்டேன். ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது; அதற்கு 1 கோடியே 64 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். நல்ல ஆட்டத்துக்கு ஆள் வரும். பேர்போன ஊரும் பேர்போன ஆளும் இல்லையென்றால் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். வியாபாரிகளுக்கும் இது தெரியும். பழைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 9 வருடத்துக்கு 2,400 கோடி டாலர். 2024-ல் போட்ட புதியது 11 வருடத்துக்கு 7,600 கோடி. கதை முடிந்த பொருளுக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் கடைசிப் பள்ளியில் மொத்தம் 19 பிள்ளைகள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பதிவேட்டைப் புரட்டி "இவ்வளவுதானா?" என்பார்கள். யாரும் வகுப்புக்குள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. அந்தப் படத்தைப் போட்ட தம்பியும் அந்தப் 19-ல் ஒருவன்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

அடுத்த ஜூனில் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் வாருங்கள், அவனையும் இழுத்து வாருங்கள். எத்தனை பேர் என்று மட்டும் முதல்நாளே சொல்லிவிடுங்கள், பால் வாங்க வேண்டும்.