ஒட்டுப் போட்ட தளம் போதுமா?

பழைய மோட்டார் காரைப் பரிசோதிப்போர் மேற்பூச்சையும் எஞ்சினையும் பார்ப்பதோடு பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகின்றனர். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் காரில் அமர்வோரைத் தாங்குவது காலடியிலுள்ள தளத்தகடே ஆகும். அது துருவால் அரிக்கப்பட்டிருக்குமாயின், அதன்மேல் வேறொரு தகட்டை ஒட்டி மறைப்பது செப்பனிடுதல் ஆகாது. இதனைத் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் வற்புறுத்திக் கூறுதல் வேண்டும்.

லாரிக்கும் ஜீப்புக்கும் தனியான சட்டகம் உண்டு. 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசிடரும், அதன் சமகாலத்துப் பத்மினியும் அத்தகையன அல்ல. அவற்றில் உடலே சட்டகம். தளம், கதவுகளின் கீழுள்ள பெட்டி வடிவ ஓரச்சட்டம், கூரை ஆகியன ஒன்றாக இணைந்தே பாரத்தைச் சுமக்கின்றன. இருக்கையின் போல்ட்டுகளும் இடைவாரின் பிடிப்பும் தளத்தையும் அதனை அடுத்த பகுதிகளையும் பற்றியே நிற்கின்றன. எனவே தளம் நலிந்தால், மோதலின்போது இருக்கையே பெயர்ந்துவிடும் அபாயம் உண்டு.

துரு தோன்ற நீரும் பிராணவாயுவும் போதும். கடற்கரை நகரங்களில் உப்பும் சேர்ந்து அதனை விரைவுபடுத்துகிறது. கோலார் தங்கவயல் கடலுக்கு வெகுதொலைவில், உயர்ந்த பீடபூமியில் இருப்பதால் அங்கே கவலையில்லை என்று கருதுவது தவறு. ரப்பர் விரிப்பின் அடியில் தேங்கும் மழைநீரும், அடிப்புறச் சந்துகளில் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் நுண்புழுதியும், அடைபட்ட வடிகால் துளைகளும் எவ்வூரிலும் தம் வேலையைச் செய்யும்.

நம் பட்டறைகள் பலவற்றில் நிகழ்வது யாது? டிங்கரிங் செய்வோர் துருவின்மேலேயே தகட்டைப் பரப்பி, நாலைந்து இடங்களில் பற்றவைத்து, தாரைப் பூசிவிடுகின்றனர். துருவின்மேல் வைத்த பற்று நுண்துளைகள் நிறைந்து வலுவிழக்கும். இரு தகடுகளின் இடைவெளி நீரை உறிஞ்சித் தேக்கும். அரிப்பு முன்னிலும் விரைவாக, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். ஓட்டையாவது கண்ணுக்குப் புலப்பட்டு எச்சரிக்கும். ஒட்டோ அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது.

முறையான வேலை வெட்டுவதில் தொடங்குகிறது. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் அகற்றுதல் வேண்டும். விரிப்பும் அடிப்பூச்சுத் தாரும் தீப்பற்றக் கூடியவை. ஆகவே அவற்றையும் நீக்கி, தீயணைப்பானை அருகில் வைத்தல் இன்றியமையாதது. ஓரச்சட்டத்தை அறுக்க நேரின், கதவுச் சந்தின் அளவைக் குறித்துக்கொண்டு, உடல் சாயாதபடி உட்புறம் குறுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். பின்னர் கூர்முனைச் சுத்தியால் தட்டிப் பார்த்து, பளபளக்கும் உறுதியான உலோகம் தெரியும்வரை அரித்த பகுதியை அறுத்து நீக்க வேண்டும்.

புதிய தகடு பழையதன் கனத்திலேயே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் இருத்தல் நலம். மெல்லிய தகட்டில் தடித்த ஆர்க் கம்பி துளையிட்டுவிடும், 0.8 மி.மீ. கம்பி கொண்ட சி.ஓ.2 வெல்டிங் இதற்கு ஏற்றது. தொழிற்சாலையில் புள்ளிப்பற்று வைத்த இடங்களில் மேல்தகட்டில் துளையிட்டு, அத்துளையை நிரப்பிப் பற்றவைக்கலாம். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் தகடு நெளியும். ஆதலால் சிறு சிறு பற்றுகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு இணைக்க வேண்டும். நாகம் பூசிய தகடாயின், பற்றவைக்கும் விளிம்பில் அப்பூச்சைத் தேய்த்து நீக்குதல் வேண்டும்; அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். இறுதியில் துருத்தடுப்புப் பூச்சு, சந்துகளுக்கு அடைப்புப் பசை, பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகு ஆகியவற்றை இட்டு, வடிகால் துளைகளைத் திறந்துவைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் செலவு மிகுமே என்பர். உண்மைதான். ஓரச்சட்டமும் வில்தட்டைத் தாங்கும் இடங்களும் ஒருங்கே மட்கிப்போன காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதே நேர்மை. நடுத்தரமான சேதத்தையோ முறைப்படி சீர்செய்யலாம். இரண்டுக்கும் நடுவே நின்று தாரால் மூடுவதுதான் தகாதது.

தங்கவயல் மக்களுக்கு இக்கருத்து புதிதன்று. 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மனிதர் உழைத்தனர். அவர்களை ஏற்றியிறக்கிய கூண்டையும் கம்பிவடத்தையும் நாள்தோறும் சோதித்தல் சுரங்க விதி. உயிரைத் தாங்கும் இரும்பைத் தட்டிப் பார்த்தே நம்ப வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம். 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் அவ்வூர்ப் பிரிவில் கனரகத் தகடுகளைப் பற்றவைக்கும் தேர்ச்சியும் வளர்ந்துள்ளது. தகட்டைச் சோதிக்கும் வழக்கத்தையும் பற்றவைக்கும் திறனையும் ஒருங்கே போதிக்க இவ்வூரினும் தக்க இடம் ஏது?

தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் தொழிலும் மோட்டார் மெக்கானிக் தொழிலும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. தளத்தகடு இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகிறது. இரு வகுப்பாரும் ஒரு பழைய தளத்தைச் சேர்ந்து அறுத்து, இணைத்து, மறுபடியும் உடைத்துப் பார்க்கும் ஒரு செய்முறைப் பாடம் போதும். சொந்தக் கார்களின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் புதுப்பிக்கப்படும்போது, பரிசோதகர் விரிப்பைத் தூக்கி ஒரு கூர்முனையால் தளத்தைக் குத்திப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; சில நிமிடப் பொறுமையே வேண்டும்.