அட்டை இருக்கு, லிஸ்ட்ல பேர் இல்லை

நம்ம கோலார் தங்கவயல் ஆளுங்க ரெண்டு பேர் உலகத்துல எந்த மூலையில சந்திச்சாலும் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். முதல்ல எந்த லைன்னு கேட்போம். அப்புறம் எந்த ஸ்கூல். அப்புறம் 2001 பிப்ரவரி 28, மைன்ஸை இழுத்து மூடின கதை. கடைசியா, "ஊர் நாசமாப் போச்சு சார், எவனும் கண்டுக்கறதில்லை". இதைச் சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவோம். இருபது வருஷத்துக்கு மேல இதே பாட்டு. எனக்கு அலுத்துப் போச்சு.

அலுத்ததுக்கு ஒரு காரணம் என் அக்கா பையன். 2023 மே 10, கர்நாடகச் சட்டசபைத் தேர்தல். மஸ்கட்லேர்ந்து போன் போட்டு, "போட்டியாடா?"ன்னு கேட்டேன்.

"கார்டு இருக்கு மாமா. லிஸ்ட்ல பேர் இல்ல."

லைன் வீட்டை விட்டு ராபர்ட்சன்பேட்டைக்கு வாடகைக்குப் போனாங்க. பழைய இடத்துல பேரை அடிச்சாச்சு. புது இடத்துல யாரும் சேர்க்கலை. அவனும் போகலை, அக்காவும் மாமாவும் போகலை. அவன் சொன்னதுல ஒண்ணுதான் சுருக்னு குத்திச்சு. "நீங்க எல்லாரும் படி, பாஸ்போர்ட் எடு, வெளியே போன்னுதானே சொன்னீங்க. இதை யாரும் சொல்லலையே மாமா."

உண்மைதான். சொல்லலை.

பேங்க்ல இருபது வருஷமா உட்கார்ந்திருக்கேன். வாடிக்கையாளரை அடையாளம் கண்டுக்கோன்னு 2002ல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டதுக்கப்புறம் கவுண்டர்ல நான் பார்த்த வரைக்கும், வோட்டர் அட்டையை வோட்டுப் போடறதுக்காக வாங்கினவங்களை விட அக்கவுண்ட் திறக்கவும் சிம் வாங்கவும் வாங்கினவங்கதான் ஜாஸ்தி. சேஷன் 1993ல கள்ள வோட்டை ஒழிக்கக் கொண்டு வந்த அட்டை, நம்ம வீடுகள்ல கேஸ் புக்கோட புக்கா பீரோவுல தூங்குது. அட்டை வெறும் அடையாளம், உரிமை பட்டியல்ல இருக்கற பேர்லதான் இருக்குன்னு எத்தனை பசங்களுக்குத் தெரியும்? பேர் இருந்தா அட்டை தொலைஞ்சாலும் ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஏன், போட்டோ ஒட்டின பாஸ்புக்கைக் காட்டிக் கூட போடலாம். பேர் இல்லைன்னா அட்டையை லேமினேட் பண்ணி வச்சு பிரயோஜனம் இல்லை.

இந்த "இளைஞர்களே வாக்களியுங்கள்" விளம்பரத்தைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். கிரிக்கெட் ஆட்டக்காரரும் சினிமா நடிகரும் மை வச்ச விரலைக் காட்டிச் சிரிப்பாங்க. நம்ம பசங்களுக்கு ஆர்வம் இல்லைங்கறதா பிரச்சினை? ஃபாரம் எங்கே, எந்த நம்பர், என்ன ஜெராக்ஸ் வைக்கணும், இது சொல்ல ஆள் இல்லைங்கறதுதான் பிரச்சினை. சி.இ.டி. பரீட்சைக்கு ஆறு மாசம் முன்னாடியே ஃபைல் போட்டு வைக்கிற அப்பா அம்மா, 18 வயசு ஆகற பிள்ளைக்கு ஃபாரம் 6 நிரப்ப ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினது உண்டா? முன்னெல்லாம் ஜனவரி 1 அன்னிக்கு 18 முடிஞ்சிருக்கணும். 2022லேர்ந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு தேதி. 17 முடிஞ்சாலே முன்கூட்டி மனு போட்டு வைக்கலாம். அதுக்கப்புறமும் சாக்கு சொன்னா என்ன பண்றது?

நம்ம ஊருக்குன்னு ஒரு சங்கடம் இருக்கு, அதை ஒத்துக்கறேன். லைன் வீட்டுல மூணு தலைமுறையா இருக்கோம், பத்திரம் கிடையாது. கம்பெனி வீடு, கம்பெனி கரண்ட், கம்பெனி தண்ணின்னு வளர்ந்த ஜனம். "வீட்டு வரி ரசீது கொண்டா"ன்னு எவனாவது கேட்டா பையன் அப்படியே திரும்பி வந்துடறான். ஆனா வோட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டம் கேக்கறது வழக்கமா எங்கே குடியிருக்கேன்னுதான். முகவரிக்கு ஒரு காகிதமும் இல்லைன்னா வாக்குச்சாவடி அலுவலர் நேரா வந்து பார்த்து உறுதி பண்ணணும், அவ்வளவுதான். ரோட்டோரத்துல குடியிருக்கறவருக்கே வோட்டு உண்டுங்கற நாட்டுல, லைன் வீட்டுப் பையனுக்கு இல்லையா? திருப்பி அனுப்பினவர்கிட்ட இதைச் சொல்ல பெரியவங்க ஒருத்தர் கூடப் போகணும். பதினெட்டு வயசுப் பையன் மேஜைக்கு எதிர்ல நின்னு சட்டம் பேச மாட்டான். நாம பேசுவோமா அந்த வயசுல?

அடுத்தது ரயில். மாரிக்குப்பத்துல விடியறதுக்குள்ள ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு ஆளை அள்ளிக்கிட்டு பங்காருபேட்டை வழியா பெங்களூர் போற கூட்டம் ஆயிரக்கணக்குல இருக்கு. திரும்பி வர ராத்திரி ஆயிடும். 2023ல வோட்டுப்பதிவு காலை 7லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும். இந்தப் பசங்க எப்போ போடுவாங்க? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுல வோட்டுப்பதிவு அன்னிக்கு சம்பளத்தோட லீவு தரணும்னு தெளிவா இருக்கு. தராத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைக்கும். (500 ரூபாய்க்கு எந்த முதலாளி பயப்படுவான்னு கேக்காதீங்க.) காண்ட்ராக்ட்ல செக்யூரிட்டியாவும் ஹவுஸ்கீப்பிங்லயும் இருக்கற பசங்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருக்கறதே தெரியாது. அதை ஒரு தாள்ல எழுதி, சூப்பர்வைசர்கிட்ட ஒரு வாரம் முன்னாடியே கொடுக்கச் சொல்லலாமே.

சரி, போட்டு என்ன ஆகும்? பையன் கேட்ட கேள்வியேதான். கர்நாடகத்துக்குள்ள இருந்துகிட்டு 1999ல அ.தி.மு.க. பக்தவத்சலத்தை ஜெயிக்க வச்ச தொகுதி இது. 2004ல இந்தியக் குடியரசுக் கட்சி ராஜேந்திரன். அதுக்கு முன்னாடி கம்யூனிஸ்டுகள். எந்தக் கட்சி நல்லதுங்கறது என் பேச்சில்லை. லைனுக்குள்ள நடந்து வராம, சங்கத்து ஆளுங்களைப் பார்க்காம, நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசாம யாரும் அங்கே ஜெயிக்க முடியாதுங்கற நிலைமை இருந்துச்சு. மைன்ஸ் மூடி ஜனம் கலைஞ்சுது. 2008ல தொகுதி எல்லையை மாத்தி, பேத்தமங்கலா பக்கத்து கிராமங்களைச் சேர்த்தாங்க. இப்போ டவுனை நம்பாமலே கணக்குப் போடலாம். அந்தக் கணக்குல நம்ம பங்கு இன்னும் குறையறது, கலைஞ்சு போனவங்களால மட்டும் இல்லை. அங்கேயே இருந்துகிட்டு பட்டியல்ல இல்லாத பசங்களாலயும்தான். சயனைடு மேடுங்க பதிமூணையும் மறுபடி தோண்ட 2024 ஜூன்ல மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. அந்த மேட்டுத் தூசியை மூச்சுல இழுத்து வளர்ந்த பிள்ளைங்களோட பேர் லிஸ்ட்ல இல்லைன்னா, வேலை யாருக்கு, தூசி யாருக்குன்னு எந்தத் தைரியத்துல கேக்கறது?

1930ல நம்ம தாத்தாங்க மைன்ஸ்ல கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து வேலைநிறுத்தம் பண்ணினாங்க. விரலைக் கொடுக்க மாட்டேன்னு ஒட்டுமொத்தமா நின்ன ஜனம். பேரன்களுக்கு மை வைக்க விரல் நீட்டறதுக்கு நாதி இல்லை.

இன்னொண்ணும் சொல்லியாகணும், சில பேருக்குப் பிடிக்காது. பெங்களூர்ல அஞ்சு வருஷமா பி.ஜி.யில குடியிருந்துகிட்டு, ஊர் பாசத்துல பேரை மட்டும் தங்கவயல்ல வச்சிருக்கறது சரியில்லை. தினம் ரயில்ல போய் வந்து ராத்திரி ஊர்ல தூங்கறவன் வேற. ஹாஸ்டல்ல படிக்கற பிள்ளையும் வேற, அவங்க வீட்டு முகவரியிலயே வச்சுக்கலாம். ஆனா அங்கேயே குடியேறினவங்க ஃபாரம் 8 போட்டு மாத்திக்கணும். ரெண்டு இடத்துல பேர் இருக்கறது சட்டப்படி தப்பு. பெங்களூர்ல பாதிப் பேர்தான் வோட்டுப் போடறாங்கன்னு வருத்தப்படற நாம, அங்கே இருக்கற நம்ம பசங்களையே அந்த ஊர் லிஸ்ட்ல சேர்க்கறதில்லை.

வெளிநாட்டுல இருக்கற நமக்கு? 2010ல சட்டத்தைத் திருத்தி ஃபாரம் 6ஏ கொடுத்தாங்க. ஆனா பாஸ்போர்ட்டோட நேர்ல போய் நிக்கணும். விமான டிக்கெட் விலையில எத்தனை பேர் போவோம்? நான் போனதில்லை. அதனால வாட்ஸப்புல கட்சி சண்டை போடற நேரத்துல பாதியை எடுத்து ஊர்ல இருக்கற ஒரே ஒரு பிள்ளைக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுங்க. யாருக்குப் போடணும்னு மட்டும் சொல்லாதீங்க. யாரும் பிடிக்கலைன்னா 2013லேர்ந்து நோட்டா இருக்கு, அது அவன் பாடு.

அடுத்த சட்டசபைத் தேர்தல் 2028ல. இன்னும் நாள் இருக்குன்னுதான் அக்காவும் சொன்னா. போன வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல பையனை உட்கார வச்சு ஃபாரம் 6 நிரப்பினோம். இனிஷியல் ஒரு காகிதத்துல முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, ஆதார்ல அப்பா பேரே முழுசா. அதைச் சரி பண்ணவே நாப்பது நிமிஷம். முடிச்சிட்டு நிமிர்ந்தா, பின்னாடி பக்கத்து வீட்டுப் பொண்ணு பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டோட நிக்கிறா. "அங்கிள், எனக்கு 17 முடிஞ்சிடுச்சு. நானும் போடலாமா?"