பச்சைக் களிம்பு பிடித்த ஒயரும் மங்கிப்போகும் ஹெட்லைட்டும்

கேள்வி: ‘‘எங்கள் வீடு புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நிலம் பாகூரில். 1998-ம் வருட டீசல் அம்பாசிடர் ஒன்று வைத்திருக்கிறோம். கீரை, கத்திரி, வெண்டை எல்லாம் அதில்தான் பெரிய மார்க்கெட்டுக்கு வருகிறது. உர மூட்டையும் அதன் டிக்கியில்தான் போகிறது. கொஞ்ச நாளாக ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக எரிகிறது. ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை. ‘ஒயரிங் மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள்’ என்கிறார் எலெக்ட்ரீஷியன். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கடலூர் சாலையில் வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?’’

- புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். வாசகர் எழுதியிருக்கும் மூன்று கோளாறும் பெரும்பாலும் ஒயர் முடியும் இடங்களில், அதாவது கனெக்டரிலும் எர்த் போல்ட்டிலும் வருகிற கோளாறு. அவற்றைச் சரிபார்த்த பிறகுதான் மொத்த ஒயரிங்கையும் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். ஆனால், அதுவரை இருட்டில் அந்த வண்டியை எடுக்கக் கூடாது. வெளிச்சம் போதாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தீ. அதைக் கீழே சொல்லியிருக்கிறது.

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாகப் படியும் களிம்பை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒயரும் செம்புதான், கனெக்டரின் உள்ளே இருக்கும் தகடும் பெரும்பாலும் பித்தளைதான். கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து இளகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதும் இதுதான். புதுச்சேரியில் வருடத்தில் பல மாதங்கள் விடியற்காலையில் இந்த ஈரப்பதம் சாதாரணம். ஆக, வைத்திக்குப்பம் போன்ற இடத்தில் தெருவில் நிற்கும் வண்டியின் ஒவ்வோர் இணைப்பிலும் தினமும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தடவியது மாதிரிதான்.

இதோடு விவசாயி வீட்டு வண்டிக்கு இன்னொரு எதிரியும் உண்டு. டிக்கியில் போகும் உர மூட்டை! மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடுதான். மூட்டைத் தையலில் இருந்து ஒரு கைப்பிடி சிந்தி, மிதியடிக்குக் கீழே போய்விட்டால், கடல் உப்பு செய்கிற வேலையை அது இன்னும் வேகமாகச் செய்யும். யூரியா ஈரத்தில் கிடந்து சிதையும்போது அமோனியா வரும். பித்தளையை அரிப்பதில், வெடிப்பு விடச் செய்வதில் அமோனியாவுக்குப் பெயரே உண்டு. ஈரச் சாணம், கோழி எரு ஏற்றினாலும் இதே கதைதான். பின் விளக்குகளின் ஒயரும் எர்த் இணைப்பும் டிக்கி பக்கம்தான் இருக்கின்றன. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் எரிவதற்குப் பொட்டாஷ்தான் காரணமாக இருந்தால் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. இனி உரம் ஏற்றும்போது கீழே தடிமனான தார்ப்பாய் விரிக்க வேண்டும். இறக்கியதும் துடைப்பத்தால் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, டிக்கியைத் திறந்து காய விட வேண்டும். காலி மூட்டையை அங்கேயே போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

எர்த் என்றால் என்ன என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து ஒயர் வழியாகப் போகும் கரன்ட், பல்பை எரித்துவிட்டு வண்டியின் இரும்புப் பாடி வழியாக மைனஸுக்குத் திரும்புகிறது. திரும்பும் அந்த வழிதான் எர்த். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வடிகாலும் திறந்திருக்க வேண்டும் என்பது போலத்தான். பின் விளக்கின் எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால், பிரேக் லைட்டின் கரன்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாகப் பாய்ந்து போகும். அதனால்தான் அது மங்கலாக எரிகிறது.

இப்போது ஹெட்லைட். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர். இந்தப் பாதையில் எங்கோ ஓர் இணைப்பில் களிம்பு பிடித்து, வெறும் 0.2 ஓம் தடை வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியரை 0.2 ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அவ்வளவும் அந்த இடத்திலேயே வீணாகும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10.5 வோல்ட் கிடைத்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பாசி அடைத்த சொட்டுநீர்க் குழாயில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாதது போல.

அது மட்டுமல்ல. அந்த 2 வோல்ட், 10 ஆம்பியரோடு சேர்ந்து 20 வாட் சூடாக மாறுகிறது. விரல் நுனி அளவு கனெக்டருக்குள் 20 வாட் சூடு என்றால் பிளாஸ்டிக் உருகும், ஒயரின் மேலுறை கருகும். ‘ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?’ என்று கேட்கலாம். போகாது. கரன்ட் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் போகும். களிம்பு பிடித்த இணைப்பு கரன்ட்டைக் குறைக்கிறதே தவிர கூட்டுவதில்லை. எனவே ஃபியூஸ் சும்மா இருக்கும், கனெக்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். அம்பாசிடரில் பானட்டைத் திறந்து, பழுப்பேறிய கனெக்டர் ஏதாவது இருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

மங்கலாக எரிகிறது என்று 100 வாட் பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய பேர். இதைவிடத் தவறான வைத்தியம் கிடையாது. கரன்ட் கூடும், அதே கனெக்டரில் சூடு இரண்டு மடங்குக்கும் மேலே போகும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ படித்திருந்தால் அவர்களே செய்துவிடுவார்கள். மீட்டரை டி.சி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி ஓடாத நிலையில் பேட்டரியைத் தொட்டால் 12.6 அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று பொருள். அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், மறு முனையைப் பல்பின் பிளஸ் முனையிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் பரவாயில்லை. ஒன்று, இரண்டு என்று காட்டினால் அந்தப் பாதையில் களிம்பு இருக்கிறது. பிறகு ஃபியூஸ் பெட்டி, சுவிட்ச், கனெக்டர் என்று ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்த்தால் எந்த இடத்தில் வோல்ட் விழுகிறது என்று பிடிபட்டுவிடும். அதேபோல பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் கோளாறு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘மொத்தமும் மாற்றணும்’ என்று சொன்னால், அது வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதுதான்.

சரிசெய்யும் வேலையைப் பேட்டரியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்ற வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பொடியைக் கையால் தொடாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி கெடும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய வைத்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினால் போதும்.

எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். லக்கையும் அப்படியே தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் வாஸ்லைன் பூச வேண்டும். பூசிவிட்டு இறுக்கக் கூடாது. வாசகரின் மூன்று புகாரில் இரண்டாவது இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக்கைப் பிடித்துப் பிரிக்க வேண்டும். லேசான களிம்பு என்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பிரஷ்ஷால் துடைத்தால் போதும். புளி போட்டுத் தேய்த்தால் பாத்திரம் போலவே பளபளக்கும்தான். ஆனால், பாத்திரத்தை உடனே கழுவிவிடுகிறோம், ஒயர் இழைகளுக்குள் ஏறிய புளியை எப்படிக் கழுவுவது? எலுமிச்சை, புளி வைத்தியம் இங்கே வேண்டாம். தகடு தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் லேசாக நெருக்க வேண்டும். அரித்துக் குழி விழுந்திருந்தால் வெட்டியெறிந்துவிட்டுப் புது லக் போட வேண்டும்.

வெட்டும்போது ஒயருக்குள்ளே செம்பு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலுறைக்குள் ஏறிக்கொண்டே போகும். கறுத்த செம்பில் லக் பிடிக்காது. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி, குறைந்த நீளத்துக்கு அதே தடிமன் அல்லது ஒரு படி கூடுதல் தடிமன் உள்ள ஆட்டோ ஒயரைச் சேர்க்க வேண்டும். இணைப்பைக் கிரிம்பிங் குறடால் நெரித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஈயம் வைத்தால் அந்த இடத்தில் ஒயர் விறைத்து, வண்டி அதிர்வில் அதன் ஓரத்தில் முறிந்துபோகலாம். இரண்டு ஒயரைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பசை உருகி, ஐப்பசி மழையில் அதற்குள் தண்ணீர் நிற்கும்.

ஹெட்லைட்டுக்குத் தனி ரிலேயும், பேட்டரிக்குப் பக்கத்தில் தனி ஃபியூஸும் போட்டுவிட்டால், பழைய சுவிட்ச் வழியாகப் பெரிய கரன்ட் போகாது. செலவுக்கேற்ற பலன் தரும் வேலை அது. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றுகிறவர் வண்டியைக் கொளுத்தத் தயாராகிறார்.

அப்படியானால் மொத்த ஒயரிங்கையும் எப்போது மாற்றுவது? மேலுறை வளைத்தால் மொறுமொறுவென வெடிக்கிறதா? முன்னால், நடுவில், டிக்கியில் என்று வெட்டிப் பார்த்த இடத்திலெல்லாம் செம்பு கறுத்திருக்கிறதா? ஒருமுறை எரிந்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று ஆமாம் என்றாலும் எலெக்ட்ரீஷியன் சொல்வது சரிதான், மாற்றிவிடலாம். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது விளக்கெல்லாம் எரிந்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சங்கதி கூடுதலாக. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற இடங்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்தையும் விடவில்லை. வாசகரின் வண்டியும் அப்போது நனைந்திருந்தால், சீட்டுக்கு அடியிலும் மிதியடிக்கு அடியிலும் ஓடும் ஒயர்களை விடாமல் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த கனெக்டர் அன்றைக்கே கெடாது, மாதக்கணக்கில் உள்ளேயே அரித்து, பிறகுதான் கோளாறு காட்டும். அடுத்த முறை இப்படி நடந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: ‘‘வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தும் எங்கள் ஆம்னி வேனில் எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. உள்ளே எலி மருந்து வைக்கலாமா?’’

- வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: வைக்க வேண்டாம். மருந்து தின்ற எலி எட்டாத இடத்தில் செத்து நாறும். வண்டிக்குள் ஏறும் குழந்தைகளுக்கும், எலியைத் தின்னும் நாய், பூனைக்கும் ஆபத்து. முதலில் வண்டியை வைக்கோல் போரை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்துங்கள். உள்ளே ஒரு நெல்மணி, கடலைத் தொலிகூட இல்லாமல் கூட்டிவிடுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கருவாட்டுத் துண்டு வைத்த எலிப்பொறி இரண்டு போதும். நாலு நாளுக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுங்கள், நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியில்தான் எலி கூடு கட்டும். கடித்த ஒயரை டேப் சுற்றி விட்டுவிடாமல், மேலே சொன்னபடி வெட்டி, கிரிம்ப் செய்து, ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.