ஷூவுக்கு உள்ளேயும் கொஞ்சம் பாருங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாலே குடும்பக் கதை தெரிந்துவிடும். மேல் தட்டில் பையனின் ஸ்னீக்கர்ஸ், நாலைந்து ஜோடி. அதில் இரண்டு இன்னும் தெருவையே பார்த்திருக்காது! கீழ்த் தட்டில் அப்பாவின் சேஃப்டி ஷூ, ஒரே ஜோடி. அதற்குள் இருக்கும் இன்சோல் அப்பளமாய்த் தட்டையாகியிருக்கும்.

பையன்கள் ஷூ சேர்ப்பதைத் திட்ட வரவில்லை. ஸ்டாம்பும் காசும் சேர்த்த தலைமுறைதானே நாம்? என் ஆதங்கம் வேறு. கம்பெனிப் பெயருக்கும் கலருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். பாதம் நாள் முழுக்க மிதித்து நிற்கிற உள்பக்கத்தை யாருமே கண்டுகொள்வதில்லை.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். சிமென்ட் தரை துளியும் அமுங்காது. இன்சோலும் செத்துப் போயிருந்தால், குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தசைநார்ப் பட்டைதான் அடி வாங்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியே 'சுரீர்' என்கிறதா? பெரும்பாலும் காரணம் இதுதான். நாமோ "வாயுங்க" என்று தைலம் தேய்த்துவிட்டு மறுபடி அதே ஷூவை மாட்டிக்கொள்கிறோம்!

புது இன்சோலுக்குச் சில நூறு ரூபாய் போதும். எப்போது மாற்றுவது? குதிகால் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் மேலே எழும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஈ.வி.ஏ. நுரை இலேசானது, ஆனால் சீக்கிரம் தட்டையாகும். பாலியூரித்தேன் நுரை கொஞ்சம் கனம், அதிக நாள் தாங்கும். கையில் அமுக்கினால் மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்; குதிகாலைக் கிண்ணம் போல் பிடித்து, உள்ளங்கால் வளைவைத் தாங்க வேண்டும். பழையதை வெளியே எடுத்துவிட்டு, அதன் அளவுக்குப் புதியதை வெட்டி வையுங்கள். ரொம்பத் தடிமனாய் வைத்தால் சேஃப்டி ஷூவின் இரும்பு மூடியில் விரல் இடிக்கும்.

ஷூ சேர்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூவை நம்ம ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் பூட்டி வைத்தால், போடாமலேயே பொடிப்பொடியாய் உதிரும். மாற்றி மாற்றிப் போடுங்கள். வியர்வையும் காயும், ஷூவும் உழைக்கும்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் கடை இன்சோலோடு திருப்திப்படக் கூடாது. கால் மரத்துப் போனவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது. அவர்களுக்கென்றே எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பு இருக்கிறது. உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் எடுத்த முயற்சியின் பலன் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

தொழிற்சாலை முதலாளிகளே! சேஃப்டி ஷூ கொடுப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை இன்சோலும் சேர்த்துக் கொடுங்கள். குதிகால் வலிக்கு எடுக்கும் ஒருநாள் லீவைவிட அதற்கு ஆகும் செலவு குறைவுதான்.

தம்பிகளே, அடுத்த ஜோடி வாங்கப் போகும்போது அப்பாவின் ஷூவுக்கு ஓர் இன்சோலும் வாங்கி வாருங்கள். உங்கள் ஸ்னீக்கர்ஸுக்கும் சேர்த்து நின்று உழைப்பது அந்தக் கால்கள்தானே!